மாத்திரை சரி, வேளைதான் தப்பு: தாய்மை நலம் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் புதிய மருந்தோ புதிய உணவோ கேட்டவர்கள் குறைவு. கையில் இருப்பதையே எப்போது, எப்படி எடுத்துக்கொள்வது என்ற குழப்பம்தான் அதிகம். பிரசவத்துக்குப் பிந்தைய கேள்விகளும் நிறைய வந்திருக்கின்றன. பத்து மாதம் பார்த்துப் பார்த்துச் செக்கப் போனவர்கள், குழந்தை பிறந்ததும் தங்கள் உடம்பை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. இரண்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9.2-லிருந்து 9.4-க்குத்தான் ஏறியிருக்கிறது. தைராய்டு மாத்திரையும் கால்சியமும் உண்டு. மறந்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் காலைக் காபியோடு போட்டுவிடுகிறேன். மலம் கறுப்பாகப் போகிறது. மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகி, திண்டுக்கல்

மாத்திரை ஒத்துக்கொள்கிறது, காபிதான் ஒத்துக்கொள்ளவில்லை. மலம் கறுப்பது உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியேறுவதால். அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம்.

காபி, டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடல் வழியே வெளியே கொண்டுபோய்விடும். கால்சியமும் இரும்பும் உள்ளே நுழையும்போது ஒன்றையொன்று தடுக்கும். இந்த இரண்டும் சேர்ந்து தைராய்டு மாத்திரையையும் கெடுக்கும். ஆக, நீங்கள் விழுங்கும் மூன்றில் எதுவுமே முழுதாக ரத்தத்தில் சேரவில்லை.

நாளை முதல் இப்படிப் பிரித்துப் பாருங்கள். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை. ஏழு மணிக்குக் காபி. எட்டரைக்குக் காலை உணவு. அதோடு எந்த மாத்திரையும் வேண்டாம். பதினொரு மணிக்கு இரும்பு மாத்திரை, சர்க்கரை இல்லாத எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு நெல்லிக்காயோடு. வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், இரவுச் சாப்பாட்டோடு இன்னொன்று. மாலைக் காபியை மூன்றரைக்குள் முடித்துவிட்டால், இரண்டாவது இரும்பு மாத்திரையை ஐந்தரைக்கு ஒரு கொய்யாத் துண்டோடு போடலாம். தைராய்டு மாத்திரைக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை.

இரண்டாவது மாத்திரை எதற்கு? ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ரத்தசோகை வராமல் தடுக்கத் தினம் ஒன்று. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கிவிட்டால் அது சிகிச்சை, தினம் இரண்டு. உங்களுக்கு எத்தனை எழுதியிருக்கிறது என்று அட்டையைப் பாருங்கள். ஒன்றுதான் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். குமட்டல் இருந்தால் ஒரு மாத்திரையைப் படுக்கப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

வேளையை மாற்றி ஒரு மாதத்தில் குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் இதையே பார்ப்போம் என்று உட்காராதீர்கள். குடல்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே ஒரு வேளை கொடுத்தார்களா? முதல் மூன்று மாதம் கழிந்தபின் தரலாம். பி12 குறைவா, பரம்பரையாக வரும் தலசீமியா என்ற ரத்தக் கோளாறின் தன்மையா என்று பார்க்கத் தனித்தனி ரத்தப் பரிசோதனைகள் உண்டு. தலசீமியா தன்மை இருந்தால் கணவருக்கும் பரிசோதனை அவசியம். மாத்திரையே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், மாதம் நெருங்கியும் அளவு ஏறாதவர்களுக்கும் நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்றுவார்கள். 7-க்குக் கீழே போனால் மருத்துவமனையில் சேர்ந்து பார்க்க வேண்டிய நிலை.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. மாதுளை, பீட்ரூட் எல்லாம் சிவப்பாக இருப்பதாலேயே 'ரத்தம் ஊறும்' என்று பெயர் வாங்கிவிட்டன. இரும்பு அவற்றில் சொற்பம். முருங்கைக்கீரை, கம்பு, காராமணி, ஆட்டுச் சுவரொட்டி இவையெல்லாம் மேல். ஈரலை மட்டும் கர்ப்பகாலத்தில் அடிக்கடி சேர்க்க வேண்டாம், வைட்டமின் ஏ அளவு மீறும். எதைச் சாப்பிட்டாலும் 9.4-ஐ உணவால் மட்டும் பிரசவத்துக்குள் 11 ஆக்க முடியாது. மாத்திரை வேண்டும்.

26-வது வாரம். இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் செக்கப் போனேன். அப்படியே குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 148 வந்தது. வெறும் வயிற்றில் எடுக்காத பரிசோதனை எப்படிச் சரியாகும்? மறுபடி எடுக்கச் சொல்லலாமா?
– வாசகி, ஈரோடு

சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும்; இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முன்பு சாப்பிட்டீர்களா இல்லையா என்பது இதில் கணக்கில்லை. கணையம் நன்றாக வேலை செய்யும் பெண்ணுக்கு, இட்லிக்கு மேல் குளுக்கோஸ் குடித்தாலும் இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடும். இந்த முறைக்காகப் பாடுபட்டவர் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் கர்ப்பிணியை, நாளைக்கு வெறும் வயிற்றோடு வா என்று திருப்பி அனுப்பினால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பதை நன்றாக அறிந்து வகுத்த முறை.

பரிசோதனை தப்பாகும் இடம் வேறு. குளுக்கோஸ் குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்திருந்தால் அன்றைய முடிவு செல்லாது, மறுநாள் திரும்ப எடுக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் கடைவீதிக்கு நடந்துபோய் வந்திருந்தாலும் அளவு குறைத்துக் காட்டும்.

இனி உணவு. இரண்டு வாரம் உணவாலும் நடையாலும் கட்டுப்படுத்திப் பார்ப்பார்கள். இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. காலை வேளைதான் முரண்டு பிடிக்கும். அந்நேரத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்துவதால், இரவு சாப்பிட்டால் ஏறாத அதே நான்கு இட்லி காலையில் ஏற்றிவிடும். இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றுங்கள். மதியம் ஒரு கப் சோறு, அதைப் போல இரண்டு பங்கு பொரியலும் கூட்டும். பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டல், மாலை மோரும் நிலக்கடலையும், படுக்கும் முன் ஒரு டம்ளர் பால்.

பலர் தடுக்கி விழுவது கேழ்வரகுக் கஞ்சியில். சர்க்கரைக்கு நல்லது என்று சோற்றை விட்டுவிட்டு இரண்டு டம்ளர் கஞ்சி குடிப்பார்கள். மாவாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, வடிகட்டிக் குடித்தால் அது மெல்லாமலே இறங்கும் மாவுச்சத்து. விறுவிறுவென்று ஏறும். கேழ்வரகு வேண்டுமென்றால் முருங்கைக்கீரை போட்ட அடையாகச் சாப்பிடுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் பிறகு 15 நிமிட நடை. பட்டினி மட்டும் கூடாது.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் இலக்குக்கு மேல் இருந்தால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது. கட்டுப்படாத சர்க்கரை தாண்டிப் போகும்.

கர்ப்பத்தில் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டேன். குழந்தை பிறந்த மறுநாளே நார்மல் என்று நிறுத்திவிட்டார்கள். இனி எனக்குச் சர்க்கரை இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

ஆறாவது வாரம் வரை பொறுத்து ஒரு பரிசோதனை செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள். இந்த முறை உண்மையிலேயே வெறும் வயிற்றில் போக வேண்டும். ஒரு ரத்தம், பின்பு 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200 என்ற அளவுகளில் எதைத் தொட்டாலும் சர்க்கரை நோய். இரண்டாவது அளவு 140-க்கும் 199-க்கும் இடையில் இருந்தால் வாசற்படியில் நிற்கிறது என்று பொருள். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையை இப்போது நம்ப வேண்டாம். பிரசவத்தில் ரத்தம் போயிருப்பதால் அது தவறாகக் காட்டலாம்.

குழந்தைக்கும் ஆறாவது வாரத்தில்தான் தடுப்பூசி. அதே நாளில் சாப்பிடாமல் போய் உங்கள் வேலையையும் முடித்துவிடுங்கள். தடுப்பூசியைத் தவறவிடாத வீடுகளில்கூட தாயின் பரிசோதனை தவறிப்போகிறது. முடிவு நார்மலாக இருந்தாலும் வருடம் ஒரு முறை எடுங்கள். அடுத்த கர்ப்பம் உறுதியானால் முதல் செக்கப்பிலேயே பழைய கதையைச் சொல்லிவிடுங்கள்.

குங்குமப்பூ, பப்பாளி: எது சாப்பிடலாம், எது கூடாது?
– வாசகி, வேலூர்

குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது. அது பெற்றோர் வழி வருவது. பாலில் இரண்டு மூன்று இழை போட்டால் தீங்கும் இல்லை. நன்கு பழுத்த பப்பாளி சாப்பிடலாம், காயும் செங்காயும் வேண்டாம். குங்குமப்பூவுக்குச் செலவழிக்கும் பணத்தில் தினம் ஒரு முட்டை சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

33-வது வாரம். இரண்டு நாளாகக் குழந்தையின் அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது. 'மாசம் நெருங்கினா உள்ள இடம் இருக்காது, அசைவு குறையத்தான் செய்யும்' என்கிறார் அத்தை. காத்திருக்கலாமா?
– வாசகி, ராமநாதபுரம்

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது என்பதால் பதிலை நேரடியாகவே தெரிவித்துவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே.

மாதம் நெருங்கும்போது அசைவின் விதம் மாறலாம், உதை குறைந்து புரளுதல் கூடலாம். எண்ணிக்கை குறையக் கூடாது. சந்தேகம் வந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கை வைத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இரவு பதினொரு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், விடியட்டும் என்று படுக்காதீர்கள். இருபது முப்பது நிமிடம் குழந்தையின் இதயத் துடிப்பைத் தாளில் பதிவு செய்து பார்ப்பார்கள். வீட்டில் வைத்துக் கேட்கும் சிறு கருவியில் துடிப்பு கேட்டது என்று ஆறுதல் அடைய வேண்டாம். தாயின் துடிப்பையே குழந்தையுடையது என்று எண்ணிவிடுவதும் உண்டு. துடிப்பு கேட்பதால் மட்டும் குழந்தை நலம் என்று ஆகிவிடாது.

மனைவிக்கு 36-வது வாரம். சுகாதார நிலையத்தில் பி.பி. 142/92. மருந்துக் கடையில் பார்த்தால் 128/84. எதை நம்புவது? கால் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

குறைந்த அளவு வந்ததால் கூடுதல் அளவு பொய்யாகிவிடாது. 20 வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டாலே கணக்கில் எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைக் குறுக்கே போடாமல், கை நெஞ்சு உயரத்தில் இருக்க, பேசாமல் அளவு எடுக்கச் சொல்லுங்கள். நான்கு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு முறை. கூடவே சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனை, ரத்தத் தட்டணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள்.

கால் வீக்கம் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு உண்டு. முகமும் விரல்களும் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போவது, பாராசிட்டமாலுக்கு அடங்காத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் 108. 160/110 என்றால் அறிகுறியே இல்லாவிட்டாலும் அன்றே சேர்க்க வேண்டும். வலிப்பு வரும் ஆபத்து.

பிரசவம் ஆனால் சரியாகிவிடும் என்பது முழு உண்மையல்ல. பிறந்து மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் பி.பி. உச்சத்துக்குப் போகலாம், அதாவது வீட்டுக்கு வந்த பிறகு. முதல் வாரத்தில் இரண்டு முறையாவது அளந்துவிடுங்கள்.

மகளுக்குச் சிசேரியன் ஆகி ஆறு நாள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு போடும், தையல் சீழ் பிடிக்கும் என்பார்கள். காய், பழம், பருப்பு கொடுப்பதில்லை. பூண்டுக் குழம்பு, கருவாடு, பால்சுறாப் புட்டு, லேகியம் என்று பத்தியமாகத்தான் கொடுக்கிறேன். வயிற்றில் சேலையை இறுக்கிக் கட்டியிருக்கிறேன். மகள் எதிர்த்துப் பேசுகிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு தாயார், தஞ்சாவூர்

பாதி நீங்கள், பாதி உங்கள் மகள், அம்மா.

முதலில் தண்ணீர், அதில் மகள் பக்கம்தான் நியாயம். குடிக்கும் தண்ணீர் கர்ப்பப்பைக்கும் போகாது, தையலுக்கும் போகாது. பிரசவம் ஆனவுடன் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை இருக்கும் கர்ப்பப்பை ஆறு வாரத்தில் அறுபது கிராம் அளவுக்குத் தானாகச் சுருங்கும். அதற்கு உதவுவது தாய்ப்பால் கொடுப்பது. தண்ணீரைக் குறைத்தால் நடப்பவை வேறு: மலம் இறுகும், முக்கும்போது தையல் வலிக்கும், நீர்க்கடுப்பு வரும். எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது, காலில் ரத்தம் உறைவது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரமும் ரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கும். சிசேரியன், படுத்தே கிடப்பது, தண்ணீர் குறைவு மூன்றும் சேர்ந்தால் ஆபத்து பெருகும். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனை. தினம் இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை குடிக்கட்டும். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தால் போதும், கணக்குப் பார்க்க வேண்டாம். வெந்நீர்தான் தருவேன் என்றால் தாராளமாகத் தாருங்கள்.

பூண்டு, மிளகு, சுக்கு எல்லாம் இருக்கட்டும், நல்ல வழக்கம். பருப்பையும் காயையும் நிறுத்தியதுதான் பிழை. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. கர்ப்பகாலத்தில்கூட 350-தான். வெறும் குழம்புச் சோற்றில் கலோரி வந்துவிடும், புரதம் வராது. தையல் ஆறப் புரதம் வேண்டும். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் பாசிப்பருப்பு, ஒரு கீரை, ஒரு பழம் சேருங்கள். குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று பழத்தை ஒதுக்க வேண்டியதில்லை.

சுறாவில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய மீன்கள் சிறு மீன்களைத் தின்று வாழ்வதால் கடலில் உள்ள பாதரசம் அவற்றின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். சுறா அந்த வரிசையில் முன்னால் நிற்பது. கர்ப்பகாலத்தில் தவிர்க்க வேண்டும். பால் கொடுக்கும்போது வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். அதே பக்குவத்தில் மத்தி, நெத்திலி, காரப்பொடி செய்து கொடுங்கள். புரதத்தோடு மீன் கொழுப்பும் கிடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் பி.பி. இருந்தவளுக்கு ஆகாது. லேகியம் நெல்லிக்காய் அளவு போதும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால், அதில் உள்ள வெல்லத்தை நினைவில் வையுங்கள்.

சேலைக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் வயிறு உள்ளே போகாது. அழுத்தம் கீழ்நோக்கிப் போய், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அடித்தளத் தசைகளைத் தள்ளும். அடி இறங்கும் பிரச்சினைக்கு அது ஒரு காரணம். இருமும்போது தையல் வலித்தால் தலையணையை அணைத்துக்கொண்டு இருமட்டும். தையல் மேல் எண்ணெய், மஞ்சள், திருநீறு எதுவும் வேண்டாம். தினமும் சோப்புத் தண்ணீர் பட்டுக் குளித்து, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தையல் சிவந்து கசிந்தாலோ, காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலோ காட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலும், எலுமிச்சை அளவுக் கட்டி போனாலும் அவசரம்.

இரும்பு மாத்திரையைப் பத்தியம் என்று நிறுத்தியிருந்தால் திரும்ப ஆரம்பியுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் உண்டு.

குழந்தை பிறந்து 12 நாள். காம்பு வெடித்து ரத்தம் வருகிறது. நேற்றிலிருந்து வலது மார்பில் ஒரு பக்கம் கல் மாதிரி கட்டி, சிவப்பு, காய்ச்சல். அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். சரிதானே?
– வாசகி, மதுரை

நிறுத்தியதால்தான் இன்னும் கட்டும். அந்தப் பக்கமும் கொடுங்கள், குழந்தைக்கு எதுவும் ஆகாது. வாய் வைக்கவே முடியாத வலி என்றால் கையால் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் கொடுங்கள். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணி ஒத்தடம். முரட்டுத்தனமாகப் பிசைந்து கட்டியைக் கரைக்கப் பார்க்காதீர்கள், உள்ளே வீக்கம் கூடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். 24 மணி நேரத்தில் குறையாவிட்டால் ஆன்டிபயாட்டிக் தேவை. பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றவை இருக்கின்றன, முழு நாளும் சாப்பிடுங்கள். கட்டி மெத்தென்று தளும்பினால் உள்ளே சீழ் வைத்திருக்கிறது. ஸ்கேன் பார்த்து எடுக்க வேண்டும்.

வேர் எங்கே என்றால், காம்பு வெடித்த இடத்தில். குழந்தை காம்பை மட்டும் சப்புகிறது. வெடிப்பு வழியே கிருமி, பால் முழுதாக வடியாததால் தேக்கம். குழந்தையின் காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் வரும்படி உங்கள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கு நேராகக் காம்பு. கீழ் உதட்டைக் காம்பால் தொட்டால் வாய் பெரிதாகத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொண்டுபோகக் கூடாது. மோவாய் மார்பில் அழுந்தி, கீழ் உதடு வெளிப்பக்கம் மடங்கி, கறுப்பு வட்டத்தின் கீழ்ப்பகுதி வாய்க்குள் மறைந்திருந்தால் சரி. சரியாகப் பிடித்தால் முதல் சில இழுப்புக்குப் பிறகு வலிக்காது. வலித்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்து மறுபடி வையுங்கள். கொடுத்து முடித்தபின் ஒரு சொட்டுப் பாலையே காம்பில் தடவி உலரவிடுங்கள்; ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுவது வெடிப்பைப் பெரிதாக்கும்.

மில் வேலைக்குத் திரும்ப வேண்டும். பாலை எடுத்துவைத்துவிட்டுப் போகலாமா? எத்தனை மணி நேரம் தாங்கும்?
– வாசகி, கோயம்புத்தூர்

நம் ஊர் வெப்பத்தில் வெளியே நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜின் உட்பக்கத் தட்டில் 24 மணி நேரம். கதவுத் தட்டில் வைக்காதீர்கள். கொதிக்கவைத்துக் கழுவிய மூடியுள்ள எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம், ஒரு வேளைக்கு ஒன்று. கொடுக்கும் முன் வெந்நீரில் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்கலாம். அடுப்பில் காய்ச்சக் கூடாது, மிச்சத்தைத் திரும்ப வைக்கக் கூடாது. கொழுப்பு மேலே ஆடையாகப் பிரிந்து நிற்பது கெட்டுப்போன அடையாளம் அல்ல, லேசாகக் குலுக்கினால் கலந்துவிடும்.

முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 2017 முதல் சட்டத்தில் உள்ளது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளையும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

பிரசவமாகி நான்கு மாதம். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. 'எல்லாருக்கும் வர்றதுதான்' என்கிறார்கள்.
– வாசகி, சேலம்

பலருக்கும் வருவது உண்மை. அதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சிறுநீரில் கிருமி இல்லை என்று ஒரு பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு பயிற்சியை ஆரம்பியுங்கள். காற்றை அடக்குவது போலவும், சிறுநீரை நடுவில் நிறுத்துவது போலவும் ஒரே நேரத்தில் உள்ளிழுத்து மேலே தூக்குங்கள். ஐந்து நொடி பிடித்து, ஐந்து நொடி விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வாரங்கள் போகப் போகப் பத்து நொடிவரை நீட்டலாம்.

தவறு நடப்பது மூன்று இடத்தில். மூச்சை அடக்கிக்கொண்டு செய்வது, பிட்டத்தையும் தொடையையும் இறுக்குவது, உள்ளிழுப்பதற்குப் பதில் கீழே முக்குவது. கடைசியானது இருப்பதையும் கெடுக்கும். தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள், வயிறு வெளியே தள்ளினால் தப்பாகச் செய்கிறீர்கள். நிஜமாகச் சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகவும் வேண்டாம். மூன்று மாதம் விடாமல் செய்தும் மாற்றம் இல்லையென்றால், அல்லது அடியில் ஏதோ இறங்குவது போல் கனத்தால், மகப்பேறு மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் காட்டுங்கள்.

குழந்தைக்கு இரண்டு மாதம். அழுகை வருகிறது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் நல்ல தாயில்லை என்று தோன்றுகிறது. ஊர், பேர் போட வேண்டாம்.

நீங்கள் எழுதியது நல்லது. பிரசவமான மூன்றாம், நான்காம் நாள் வரும் அழுகை ஹார்மோன் சரிவால் வருவது, இரண்டு வாரத்தில் தானே போய்விடும். இரண்டு மாதம் நீடிப்பது மனச்சோர்வு; அது நோய், உங்கள் குணம் அல்ல. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராதது முக்கியமான அறிகுறி. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்கும்போது தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டுக் கோளாறும் இதே முகத்தோடு வரும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு. இரவில் ஒரு வேளைப் பாலை வேறொருவர் கொடுத்து, உங்களுக்குத் தொடர்ந்து நான்கைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்க வீட்டார் வழி செய்ய வேண்டும்.

வீட்டாருக்கு: சாக வேண்டும் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ அவர் சொன்னால், இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால், ஒரு நிமிடமும் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சாந்தி, மந்திரிப்பு என்று நாள் கடத்தாதீர்கள்.

பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்பது உண்மையா? இன்னும் மாதவிலக்கு வரவில்லை.
– வாசகி, விழுப்புரம்

மூன்று நிபந்தனை ஒன்றாக இருந்தால் மட்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் முடியவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்காமல் தாய்ப்பால் மட்டும், அதுவும் பகலில் நான்கு மணி நேரம், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போயிற்று. கருமுட்டை முதலில் வரும், விலக்கு பிறகுதான் வரும். அதனால் விலக்குக்காகக் காத்திருந்தால் கரு முந்திக்கொள்ளும். காப்பர் டி-யைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ, ஆறு வாரம் கழித்தோ போடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி ஆறு வாரத்துக்குப் பிறகு. இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை, பால் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை ஆகாது.

வயது 52. மாதவிலக்கு நின்று பதினான்கு மாதம். போன வாரம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது, பிறகு இல்லை. 'கடைசியா ஒரு தடவை வந்து போகும்' என்று விட்டுவிடலாமா?
– வாசகி, சென்னை

விடக் கூடாது. ஒரு வருடம் முழுதாக நின்றபின் வரும் ரத்தம் ஒரு சொட்டானாலும் மாதவிலக்கு அல்ல. பெரும்பாலும் உள்தோல் மெலிந்து உலர்ந்ததால் வருவதுதான். ஆனால் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் காட்டும் அடையாளமும் இதுவே. அந்த நிலையில் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையோடு குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் உட்சுவரின் தடிமன் பார்ப்பார்கள். 4 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, ரத்தம் திரும்பப் பட்டாலோ சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையையும் அன்றே செய்துகொள்ளுங்கள். சர்க்கரை, அதிக எடை, மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்சிஃபென் மாத்திரை இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ரத்தம் நின்றுவிட்டதே என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்வாருங்கள்.